சோபிபோர்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போலந்தில் நாஜிகள் நடத்திய சோபிபோர் கொலைமுகாம் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, அங்கிருந்த யூதக் கைதிகள் கலகம் செய்து தப்பியதைச் சொல்லும் 'எஸ்கேப் ஃப்ரம் சோபிபோர்' படத்தின் டிவிடியைத் தேடி வாங்கினேன். இரண்டு மணி நேரம்தான் ஓடுகிறது. படம் மங்கல், சில இடங்களில் காட்சி தாவுகிறது. ஆனாலும் கடைசி அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். முடிந்த பிறகு ஒரு சங்கடம். முகாமில் இருந்த கைதிகள் 600 பேரில் 300 பேர் ஓடினார்கள், போர் முடியும்போது 50 பேர்தான் மிச்சம் என்றால் இதை எப்படி வெற்றி என்பது? நாலைந்து பேர் மட்டும் சத்தமில்லாமல் தப்பியிருந்தால் மற்றவர்கள் பிழைத்திருப்பார்களோ? இன்னொன்று, பத்தாவது படிக்கும் என் மகளுக்கு இதைக் காட்டலாமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

முதலில் டிவிடி விஷயம். இந்தப் படம் 1987ல் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டது. இயக்கம் ஜாக் கோல்ட், திரைக்கதை ரெஜினால்ட் ரோஸ். அமெரிக்காவில் ஏப்ரலில் ஒளிபரப்பானது 143 நிமிட வடிவம். அடுத்த மாதம் பிரிட்டனில் வந்தது 176 நிமிடம். அப்புறம் டிவிடியாகப் பலர் பல நீளங்களில் வெளியிட்டார்கள். உங்களிடம் இருப்பது வெட்டுப்பட்ட ஒன்று. அட்டையின் பின்பக்கத்தில் ஓடும் நேரத்தைப் பார்த்து, 143 நிமிடத்துக்குக் குறையாததை வாங்குங்கள். அந்தக் கலகத்தின் பெரும்பகுதி காத்திருப்பும் திட்டமிடலும்தான். அவசரமாக வெட்டிய பிரதியில் அது தெரியாது, கடைசி ஓட்டம் மட்டும்தான் மனதில் நிற்கும்.

இனி உங்கள் கேள்வி. நாலைந்து பேர் மட்டும் போயிருக்கலாமே என்ற யோசனை முகாமுக்குள் இருந்தவர்களுக்கும் வந்ததுதான். சிலர் அப்படிப் போகவும் செய்தார்கள். 1943 ஜூலையில் காட்டில் மரம் வெட்டப் போன குழுவில் இருவர் ஒரு காவலாளியைக் கொன்றுவிட்டுத் தப்பினார்கள். அந்தக் குழுவில் அகப்பட்ட போலந்து யூதர்களை மற்ற கைதிகளின் கண்முன் நிறுத்திச் சுட்டார்கள். பிடிபட்ட பதின்மூன்று பேரிடம், உன்னோடு சாக ஒருவனை நீயே தேர்ந்தெடு என்று முகாம் அதிகாரி வாக்னர் சொல்லும் காட்சி படத்தில் வருகிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். சிலர் தப்பினால் மிச்சமிருப்பவர்கள் சாக வேண்டும் என்பதுதான் அந்த முகாமின் கணக்கு. கைதிகள் ஒருவரையொருவர் காவல் காக்கட்டும் என்று போட்ட கணக்கு அது.

அந்தக் கணக்கை உடைத்தவர் கைதிகளில் ஒருவரான லியோன் ஃபெல்ட்ஹெண்ட்லர். படத்தில் ஆலன் ஆர்க்கின் செய்த பாத்திரம். போனால் எல்லோரும் போகவேண்டும் என்ற முடிவுக்கு அவரும் கூட இருந்தவர்களும் வந்தார்கள். யோசித்துப் பாருங்கள்: தையற்காரர்கள், செருப்புத் தைப்பவர்கள், தச்சர்கள், துணி பிரிக்கும் பெண்கள், பதினாறு வயதுப் பையன்கள். பெரும்பாலோர் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. தனித்தனியாகத் தப்பும் வாய்ப்பு சிலருக்காவது இருந்தது. அதை விட்டுவிட்டு, 600 பேரையும் வெளியே கொண்டுபோவது என்று தீர்மானித்தார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது இந்தத் தீர்மானம்தான். கோடரியெல்லாம் அதற்குப் பிறகு வருவது.

மனம் இருந்தது, படை நடத்தத் தெரிந்த ஆள் இல்லை. செப்டம்பரில் மின்ஸ்க் நகரிலிருந்து வந்த ரயிலில் சோவியத் படையைச் சேர்ந்த யூதப் போர்க்கைதிகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் லெஃப்டினன்ட் அலெக்சாண்டர் பெச்செர்ஸ்கி. அவர் வந்து மூன்றே வாரத்தில் கலகம். அக்டோபர் 14, மாலை 4 மணி. புதுக் கோட்டு அளவு பார்க்க, பூட்ஸ் போட்டுப் பார்க்க என்று முகாமை நடத்திய நாஜிப் படையான எஸ்.எஸ். அதிகாரிகளை ஒவ்வொருவராகப் பட்டறைக்கு வரவழைத்தார்கள். சொன்ன நேரத்துக்கு வரும் ஜெர்மன் பழக்கத்தை நம்பித்தான் திட்டமே. முதலில் வந்தவர் துணைக் கமாண்டன்ட் நீமான். தையற்கூடத்தில் கோடரியால் கொன்றார்கள். அப்படிக் கொன்றவர்களில் ஒருவரான யெஹுதா லெர்னர், பின்னாளில் பிரெஞ்சு இயக்குநர் க்ளாட் லான்ஸ்மனின் ஆவணப்படம் ஒன்றில் கேமராவைப் பார்த்து இதையெல்லாம் சொல்கிறார். அதையும் தேடிப் பாருங்கள்.

மாலை எண்ணிக்கைக்கு வரிசையில் நிற்கவைத்து, முன்வாசல் வழியாகவே எல்லோரையும் நடத்திக்கொண்டு போவது திட்டம். அது நடக்கவில்லை. கொல்லப்பட்ட அதிகாரியின் பிணம் கண்ணில் பட்டு, காவலர்கள் சுட ஆரம்பித்துவிட்டார்கள். கூட்டம் வேலியைச் சாய்த்து ஓடியது. வேலிக்கு அப்பால் கண்ணிவெடி. தோமாஸ் ப்ளாட் என்ற பதினாறு வயதுப் பையனின் கோட்டு சாய்ந்த வேலியில் மாட்டிக்கொண்டது. அதிலிருந்து உருவிக்கொண்டு எழுவதற்குள் முன்னால் போனவர்கள் வெடிகளை மிதித்துச் செத்திருந்தார்கள். அவர்கள் விழுந்த வழியில்தான் அவர் ஓடினார். பின்னர் இந்தப் படத்துக்கு ஆலோசகராக இருந்தவர்களில் அவரும் ஒருவர்.

சரி, ஓடாமல் இருந்திருந்தால்? இதற்கு வரலாறு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்கிறது. கலகம் நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. நவம்பர் 3, 4 தேதிகளில், சோபிபோர் இருந்த அதே லுப்ளின் மாவட்டத்தில் மய்தானெக், போனியாடோவா, டிராவ்னிகி ஆகிய மூன்று இடங்களில் சுமார் 42,000 யூதர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களும் வேலைக்காக உயிரோடு வைக்கப்பட்டிருந்த கைதிகள்தான். ஒழுங்காக வேலை செய்தால் பிழைக்கலாம் என்று நம்பவைக்கப்பட்டவர்கள். சோபிபோரின் 600 பேரும் காத்திருந்தால் கதி அதேதான். ஆகவே 50 என்ற எண்ணை 600க்குப் பக்கத்தில் வைத்துத் தோல்வி என்று நினைக்காதீர்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒன்றேமுக்கால் லட்சத்துக்கு நெருக்கமானவர்கள் கொல்லப்பட்ட இடம் அது. நாஜிகள் முகாமை இடித்து, மேலே மரம் நட்டுவிட்டுப் போனார்கள். அங்கே என்ன நடந்தது என்று பின்னாளில் நீதிமன்றங்களில் நின்று சொன்னவர்கள் அந்த ஐம்பது பேரில் இருந்து வந்தவர்கள்.

படம் காட்டாத ஒன்றையும் சொல்லவேண்டும். காட்டுக்குள் ஓடுவதோடு படம் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அடுத்து என்ன ஆனது என்பதை ஒரு குரல் சொல்லிக்கொண்டு போகிறது. உண்மையில் காட்டில்தான் மிகக் கசப்பான விஷயம் நடந்தது. பெச்செர்ஸ்கி தன் சோவியத் வீரர்களை அழைத்துக்கொண்டு, இருந்த துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றையும் எடுத்துக்கொண்டு, உணவு பார்த்துவரப் போவதாகச் சொல்லிப் போனார். திரும்பி வரவில்லை. அப்படி விட்டுவிட்டுப் போனவர்களில் ப்ளாட்டும் ஒருவர். பல வருடம் கழித்து ரஷ்யாவின் ரஸ்தோவ் நகருக்குப் போய் பெச்செர்ஸ்கியிடமே இதைக் கேட்டார். என் வேலை முடிந்தது, நான் சிப்பாய், என் படைக்குத் திரும்பவேண்டியிருந்தது, சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிந்தால்தான் பிழைக்க வழி என்ற பொருளில் பதில் வந்தது. ப்ளாட் இதை மறைக்கவில்லை. அதே சமயம், எங்களை வெளியே கொண்டுவந்தவர் அவர்தான் என்பதையும் குறைத்துச் சொல்லவில்லை.

எனக்கு பெச்செர்ஸ்கிமேல் இருக்கும் மரியாதை இதனால் குறையவில்லை. எல்லோரும் சேர்ந்து வேலியைத் தாண்ட முடியும். எல்லோரும் சேர்ந்து காட்டில் ஒளிய முடியாது. ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டுப் பிரிந்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை. தேடுதல் வேட்டையில் மட்டும் சுமார் 100 பேர் பிடிபட்டார்கள். ஃபெல்ட்ஹெண்ட்லர் எல்லாவற்றையும் தாண்டிப் பிழைத்து, விடுதலையான லுப்ளினில் 1945 ஏப்ரலில் சுடப்பட்டு இறந்தார்.

மகளுக்குத் தாராளமாகக் காட்டுங்கள். பத்தாவது படிக்கும் பிள்ளைக்குத் தாங்கும். அந்தப் பதின்மூன்று பேர் காட்சி மட்டும் கடினமானது. வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். படம் முடிந்ததும் காட்டில் நடந்ததையும் சொல்லுங்கள். பெச்செர்ஸ்கி செய்தது சரியா என்று அவளிடம் கேட்டு, என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.