சர்வர் திணறுகிறதா? எந்த எண்ணைப் பார்ப்பது: கேள்வி பதில்

கே: லினக்ஸ் சர்வரில் டாப் (top, என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் கட்டளை) போட்டால் லோடு ஆவரேஜ் 9 காட்டுகிறது, ஆனால் சிபியு முக்கால்வாசி சும்மா கிடக்கிறது. 4 கோர் மெஷின். எதை நம்புவது?

ப: இரண்டும் உண்மைதான். லினக்ஸில் லோடு என்பது சிபியுவுக்காக வரிசையில் நிற்பவற்றின் கணக்கு மட்டுமில்லை, டிஸ்கிலிருந்து பதில் வரட்டும் என்று அசையாமல் காத்துக்கிடக்கும் ப்ராசஸ்களும் (இயங்கும் புரோகிராம்கள்) அதில் சேரும். விஎம்ஸ்டாட் 1 (vmstat 1, நொடிக்கு ஒரு வரி நிலவரம் காட்டும்) என்று தட்டி ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். முதல் வரியை விட்டுவிடுங்கள், அது பூட் ஆனதிலிருந்து எடுத்த சராசரி. 'ஆர்' (r, சிபியுவில் ஓடுபவை, அதற்குக் காத்திருப்பவை) எண் கோர்களின் எண்ணிக்கையைத் தாண்டிக்கொண்டே இருந்தால் சிபியு போதவில்லை. 'பி'யும் (b, டிஸ்க் போன்றவற்றுக்காக முடங்கி நிற்பவை) 'டபிள்யூஏ'வும் (wa, அப்படிக் காத்திருப்பதில் சிபியு சும்மா கிடக்கும் சதவீதம்) ஏறியிருந்தால் டிஸ்க்தான் இழுக்கிறது. உங்கள் கதை இரண்டாவது மாதிரி தெரிகிறது. லோடின் மூன்று எண்களும் 1, 5, 15 நிமிடக் கணக்கு, முதல் எண் பெரிதாகவும் கடைசி எண் சின்னதாகவும் இருந்தால் தொல்லை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது.

கே: ஒரு ப்ராசஸ் 380 சதவீதம் சிபியு எடுக்கிறதாமே, அது எப்படி?

ப: ஒரு கோருக்கு 100. கிட்டத்தட்ட நாலு கோரை அது பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கே: ஃப்ரீ (free) கட்டளை போட்டால் 16 ஜிபி ரேமில் 'ஃப்ரீ' 200 எம்பிதான். ரேம் கூட்டச் சொல்லட்டுமா?

ப: அவசரப்படாதீர்கள். சும்மா கிடக்கும் ரேமை லினக்ஸ் விட்டுவைக்காது, படித்த ஃபைல்களை அதில் கேஷாகப் போட்டுவைக்கும், யாராவது கேட்டால் பெரும்பாலும் உடனே விட்டுக்கொடுக்கும். 'அவைலபிள்' என்ற தலைப்பின் கீழ் உள்ள எண்தான் உங்களுக்கு வேண்டியது. அது தரைதட்டி, விஎம்ஸ்டாட்டில் 'எஸ்ஐ', 'எஸ்ஓ' (si, so: ரேமுக்கு உதவியாக டிஸ்கில் ஒதுக்கிய ஸ்வாப்பிலிருந்து வருவதும் அதற்குப் போவதும்) இரண்டும் விடாமல் ஓடிக்கொண்டிருந்தால் அப்போது ரேம் கேளுங்கள். ஸ்வாப்பில் கொஞ்சம் ஏதோ கிடப்பதற்கெல்லாம் பதற வேண்டாம்.

கே: டிஸ்க் 100 சதவீதம். பெரிய லாக் ஃபைலை அழித்துவிட்டேன், டிஎஃப் (df, டிஸ்கில் எவ்வளவு நிரம்பியது என்று சொல்லும் கட்டளை) இன்னமும் 100 தான் சொல்கிறது!

ப: இதில் நானும் ஒரு ராத்திரி முழுக்க முட்டிக்கொண்டவன். டியூ (du, ஃபைல்களின் அளவைச் சொல்லும் கட்டளை) போட்டுக் கூட்டினால் பாதி டிஸ்க்கூட வரவில்லை, டிஎஃப்போ நிரம்பிவிட்டது என்றே நின்றது, ஃபைல் சிஸ்டமே கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி ரீபூட் செய்யப் போய்விட்டேன். விஷயம் இதுதான்: நீங்கள் அழித்தது பெயரை மட்டும், அந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் ப்ராசஸ் அதை மூடும்வரை இடம் திரும்ப வராது. எல்எஸ்ஓஎஃப் கட்டளைக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி, பெரிய எல், 1 சேர்த்துத் தட்டுங்கள் (lsof +L1); பெயர் போயும் உயிரோடு இருக்கும் ஃபைல்களையும், அவற்றைப் பிடித்திருக்கும் ப்ராசஸ் எண்ணையும் வரிசையாகக் காட்டும். அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் வந்துவிடும். அடுத்த முறை ஓடுகிற லாகை அழிக்காதீர்கள், ட்ரங்கேட் (truncate) கட்டளையால் அளவைப் பூஜ்யமாக்குங்கள்.

கே: எனக்கு நேர்மாறு. டிஎஃப்பில் பாதி காலி, ஆனால் இடமில்லை என்று எரர் வருகிறது.

ப: டிஎஃப்போடு ஐ ஆப்ஷனையும் போட்டுப் பாருங்கள் (df -i). ஐநோடு (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒன்று தேவைப்படும் பதிவு) தீர்ந்திருக்கும், எங்கோ ஒரு ஃபோல்டரில் குட்டிக் குட்டி செஷன் ஃபைல்கள் லட்சக்கணக்கில் குவிந்திருக்கும்.

கே: சார், இரவு 3 மணிக்கு டேட்டாபேஸ் செத்துப்போகிறது, காலையில் பார்த்தால் எல்லாம் அமைதி. எப்படிப் பிடிப்பது?

ப: நீங்கள் கூப்பிட்டதே விடை! 'சார்' (sar) என்று ஒரு கட்டளை இருக்கிறது, சிஸ்ஸ்டாட் (sysstat) பேக்கேஜில் வரும், வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் குறித்துவைக்கும். ஆனால் டெபியன், உபுண்டுவில் இன்ஸ்டால் செய்ததோடு விட்டுவிடாதீர்கள், சேகரிப்பு இயங்குகிறதா என்று பாருங்கள், பலர் வழுக்குவது இங்கேதான். அதற்கு முன்னால் டிமெசேஜ் கட்டளையைப் பெரிய டி ஆப்ஷனோடு (dmesg -T) ஓட்டி, 'அவுட் ஆஃப் மெமரி' என்ற வரி 3 மணியை ஒட்டி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் கெர்னலே (லினக்ஸின் மையப்பகுதி) டேட்டாபேஸைக் கொன்றிருக்கிறது. பெரும்பாலும் அது அப்பாவி, ரேமை அதிகம் வைத்திருந்ததால் பலியானது. அதே நேரத்துக்கு கிரான்டேபில் (crontab, குறித்த நேரத்தில் ஓட வேண்டிய வேலைகளின் பட்டியல்) பேக்கப் ஏதாவது கிளம்புகிறதா பாருங்கள்.

கே: டாப்பை விட ஹெச்டாப் (htop, அதே வேலையை வண்ணத்தில் காட்டுவது) நல்லதா?

ப: கண்ணுக்கு நல்லது. ஆனால் எந்த சர்வரில் போய் விழுந்தாலும் டாப் அநேகமாக இருக்கும், அதில் பெரிய எம் அழுத்தினால் மெமரி வாரியாகவும் பெரிய பி அழுத்தினால் சிபியு வாரியாகவும் அடுக்கும், 1 அழுத்தினால் கோர் கோராகப் பிரித்துக் காட்டும். இந்த மூன்றையும் விரல் பழகட்டும், அப்புறம் ஹெச்டாப் போட்டுக்கொள்ளுங்கள்.