ஒரே நேரத்தில் நாலு சந்தா எதற்கு? நெட்ஃபிளிக்ஸ், பிரைம், ஜீ5 பற்றிய கேள்வி பதில்

கிழக்கிலங்கையில் வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, பொதுவாக உதவக்கூடியவற்றுக்கு மட்டும் இங்கே பதில். கேட்டவர்களின் ஊர் மட்டும் போட்டிருக்கிறது.

காத்தான்குடி: நானா, எல்லாத்துக்கும் சந்தா கட்டினா கரண்ட் பில்லைத் தாண்டிரும். ஒண்டே ஒண்டு எடுக்கிறதெண்டா எது? வீட்ட தமிழ்த் தொடர்தான் பார்ப்பம்.

தமிழிலேயே எழுதி, தமிழிலேயே எடுத்த தொடர்தான் வேணுமென்றால் பிரைம் வீடியோ. இதில் எனக்குத் தயக்கம் இல்லை. புஷ்கர்–காயத்ரி உருவாக்கிய 'சுழல்' 2022 ஜூனில் வந்தது, இரண்டாவது சீசன் 2025 பெப்ரவரியில். இரண்டும் சேர்த்து 16 எபிசோட். எஸ்.ஜே. சூர்யா நடித்த 'வதந்தி' 8 எபிசோட், 'இன்ஸ்பெக்டர் ரிஷி' 10 எபிசோட், 'ஸ்வீட் காரம் காபி' 8 எபிசோட், 'மாடர்ன் லவ் சென்னை' 6 தனிக்கதைகள். இவ்வளவும் நிதானமாகப் பார்த்தால் இரண்டு மாதத்துக்குக் காணும்.

நெட்ஃபிளிக்ஸ் தமிழுக்குச் செய்ததில் பேசப்பட்டவை குறுங்கதைத் தொகுப்புகள்: 2020இல் 'பாவக் கதைகள்', 2021இல் 'நவரசா'. 2025 ஒக்டோபரில் 'தி கேம்' என்று ஒரு தொடரும் வந்தது. ஆனால் தமிழைப் பொறுத்தவரை அவர்களின் பலம் தியேட்டரில் ஓடிய படங்களை வாங்கிப் போடுவதில்தான். தொடர் பார்க்கிற வீட்டுக்கு அது பிரைம் அளவுக்கு வராது.

ஜீ5ஐப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 'விலங்கு' (2022, 7 எபிசோட்), 'அயலி' (2023, 8 எபிசோட்) இரண்டும் அங்கேதான் இருக்கின்றன. திரைக்கதை இறுக்கத்தில் 'விலங்கு' பிரைமின் எந்தத் தமிழ்த் தொடருக்கும் குறைந்ததல்ல. ஆனால் அந்தத் தரத்தில் அங்கே அதிகம் கிடையாது. ஒரு மாதம் எடுத்துப் பார்த்து முடித்துவிட்டு நிறுத்தலாம்.

கல்முனை: ஸ்க்விட் கேம் மூண்டு சீசனையும் தமிழில டிவியில பார்க்கணும். எவ்வளவு டேட்டா போகும்? எங்கட டிவியில தமிழ் ஓடியோவே காட்டுதில்லையே?

முதலில் டேட்டா. 9, 7, 6 என்று மொத்தம் 22 எபிசோட், சுமார் 20 மணித்தியாலம். நெட்ஃபிளிக்ஸ் தன் உதவிப் பக்கத்தில் தரும் அளவு மணித்தியாலத்துக்கு இப்படி: லோ 0.3 ஜிபி, மீடியம் 0.7 ஜிபி, எச்டி 3 ஜிபி வரை, 4கே 7 ஜிபி வரை. அப்படியென்றால் மீடியத்தில் 14 ஜிபி, எச்டியில் 60 ஜிபி, 4கேயில் 140 ஜிபி. போனில் 'சேவ் டேட்டா' போட்டுப் பார்த்தால் ஒரு ஜிபிக்கு ஏறத்தாழ 6 மணித்தியாலம் ஓடும், முழுத் தொடருக்கும் நாலு ஜிபி கூடப் போகாது.

டிவி அப்பில் இந்த அளவை மாற்றத் தேட வேண்டாம், அங்கே இருக்காது. போனிலோ கணினியிலோ பிரவுசரில் நெட்ஃபிளிக்ஸ் கணக்குப் பக்கத்தைத் திறந்து, உங்கள் புரொஃபைலுக்குள் போய் 'பிளேபேக் செட்டிங்ஸ்' என்பதில் 'மீடியம்' போட்டு சேவ் பண்ணுங்கள். பிறகு டிவி அப்பை மூடித் திறவுங்கள். ஆளுக்கொரு புரொஃபைல் இருந்தால் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக மாற்ற வேண்டும். மாற்றாத புரொஃபைலில் பிள்ளைகள் கார்ட்டூன் போட்டுத்தான் பல வீடுகளில் மாதம் பத்தாம் திகதியே கோட்டா முடிகிறது.

தமிழ் ஓடியோ காட்டாததற்குக் காரணமும் அதே புரொஃபைலாக இருக்கலாம். 2025 வரை டிவியில் கிடைக்கும் எல்லா மொழியையும் நெட்ஃபிளிக்ஸ் பட்டியலில் காட்டவில்லை, உங்கள் புரொஃபைல் மொழிக்கும் நாட்டுக்கும் பொருந்தும் சிலதை மட்டும் காட்டியது; பழைய டிவி அப்பில் இன்னும் அப்படி இருக்கலாம். அதே கணக்குப் பக்கத்தில் 'லாங்குவேஜஸ்' என்பதற்குள் போய், படங்களுக்கும் தொடர்களுக்குமான மொழிகளில் தமிழுக்குச் சரி போட்டு சேவ் பண்ணுங்கள். 'மணி ஹைஸ்ட்' தமிழில் இல்லை என்கிறவர்களுக்கும் இதுதான் மருந்து.

அக்கரைப்பற்று: அப்பில போட்டிருக்கிற விலை ஒண்டு, கார்டில வெட்டியிருக்கிறது இன்னொண்டு. ஏமாத்துறானுகளா?

இல்லை. நெட்ஃபிளிக்ஸ் இங்கே டாலரில் அறவிடுகிறது. அப்பில் காட்டும் விலையோடு மூன்று விசயம் சேரும்: வங்கி பாவிக்கும் டாலர் விற்பனை வீதம் (செய்தியில் சொல்லும் நடுவீதத்தைவிடக் கூடவாக இருக்கும்), வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கான வங்கிக் கட்டணம், முத்திரைத் தீர்வை. அதற்கு மேல், வெளிநாட்டு டிஜிற்றல் சேவைகளையும் 18% வற் வரிக்குள் கொண்டுவரச் சட்டம் 2025இல் திருத்தப்பட்டிருக்கிறது. ஒரு டாலர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால் 5 டாலர் திட்டம் 1,500 ரூபா. வற் சேர்ந்தால் 1,770. அதற்கு மேலே வங்கிக் கட்டணம். இரண்டு சேவையை ஒப்பிடும்போது அப்பில் உள்ள விலையை வைத்துப் பார்க்காமல், கார்ட் ஸ்டேட்மன்டில் வந்த ரூபாவை வைத்துப் பாருங்கள்.

கார்ட் திரும்பத் திரும்ப மறுக்கப்பட்டால், டெபிட் கார்டில் இணைய வழிக் கொடுப்பனவும் வெளிநாட்டுக் கொடுப்பனவும் திறந்திருக்கிறதா என்று வங்கி அப்பில் பாருங்கள். இரண்டும் வேறு வேறு பொத்தான். கணக்கில் சந்தாப் பணத்துக்குச் சரியாக மட்டும் காசு இருந்தாலும் மறுக்கும், கொஞ்சம் கூட வைத்திருங்கள்.

வாழைச்சேனை: அண்ணன், பெட்டி ஒண்டு வாங்கி டிவியில பூட்டினம். 4கே எண்டு எழுதியிருக்கு. நெட்ஃபிளிக்ஸ் மட்டும் மங்கலா வருது, யூடியூப் பளிச்செண்டு இருக்கு.

பெட்டியில் எழுதியிருப்பது அது வெளியே அனுப்பக்கூடிய படத்தின் அளவு. நெட்ஃபிளிக்ஸும் பிரைமும் பார்ப்பது, படத்தைக் களவாகப் பிரதி எடுக்காமல் காக்கும் வைட்வைன் என்ற பூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்பதை. எல்1 இருந்தால்தான் எச்டி, எல்3 என்றால் 480பி தான். யூடியூப் சாதாரண வீடியோவுக்கு அதைக் கேட்காது, அதனால்தான் இந்த வித்தியாசம். மலிவான ஆண்ட்ராய்ட் பெட்டிகளில் வருவது பெரும்பாலும் எல்3. போனுக்கான நெட்ஃபிளிக்ஸ் அப்பைத் திணித்திருப்பார்கள், ரிமோட்டும் அதில் ஒழுங்காக வேலை செய்யாது.

சோதிக்கும் வழி: அப்புக்குள் 'அப் செட்டிங்ஸ்' போய் 'பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன்' பாருங்கள், அங்கே எல்1 அல்லது எல்3 என்று இருக்கும். எல்3 என்றால் செட்டிங் மாற்றி ஒன்றும் ஆகாது. கூகிள் டிவி அல்லது ஃபயர் டிவி என்று முறையாக அனுமதி பெற்ற குச்சி ஒன்றுதான் வழி. எல்1 இருந்தும் மங்கல் என்றால் உங்கள் திட்டத்தைப் பாருங்கள்: பேசிக் 720பி, ஸ்டாண்டர்ட் 1080பி, பிரீமியம் 4கே. மொபைல் திட்டம் டிவியில் ஓடவே ஓடாது. அதற்கும் பிறகுதான் இணைய வேகம்: 1080பிக்கு 5 எம்பிபிஎஸ், 4கேக்கு 15. இரவு எட்டு மணிக்கு ஃபாஸ்ட் டொட் கொம்மில் அளந்து பாருங்கள். காலையில் அளந்த கணக்கு உதவாது.

பழைய புரொஜெக்டரில் சத்தம் மட்டும் வந்து படம் கறுப்பாக இருந்தால் அது எச்டிசிபி (எச்டிஎம்ஐ வழியாகப் பிரதி எடுக்காமல் காக்கும் பூட்டு) இல்லாத குறை. வயர் மாற்றிக் காசைச் செலவழிக்க வேண்டாம்.

ஏறாவூர்: காக்கா (அண்ணன்) கட்டாரில இருக்கார். அவர்ட நெட்ஃபிளிக்ஸ்தான் நாங்களும் பார்த்தம். இப்ப டிவியில கோட் கேட்குது.

2023இலிருந்து நெட்ஃபிளிக்ஸ் ஒரு கணக்கை ஒரு வீட்டு இணையத்தோடு கட்டிப்போடுகிறது. அந்த வீடு தோஹாவில் இருந்தால் ஏறாவூர் டிவி அதற்கு வெளியேதான். கோட் அனுப்பி ஒருமுறை திறக்கலாம், ஆனால் திரும்பவும் கேட்கும். 'எக்ஸ்ட்ரா மெம்பர்' வசதியும் இதற்குக் கைகொடுக்காது, சேர்க்கப்படுபவர் கணக்குத் தொடங்கிய அதே நாட்டில் இருக்க வேண்டும். இங்கேயே ஒரு கணக்குத் தொடங்கி, அவருடைய கார்டைப் போட்டுவிடச் சொல்லுங்கள். அங்கே வாங்கிய கிஃப்ட் கார்ட் நாணயம் மாறினால் ஏறாது.

பிரைமில் இந்த வீட்டுக் கட்டுப்பாடு இவ்வளவு கடுமை இல்லை. ஒரே நேரத்தில் மூன்று சாதனம், ஒரே படத்தை இரண்டு சாதனம்.

சம்மாந்துறை: வட்ஸப்பில 500 ரூபாவுக்கு ஒரு புரொஃபைல் விக்கிறாங்களே?

வாங்க வேண்டாம். கணக்கு அவர்கள் கையில், பாஸ்வேர்ட் அவர்கள் கையில். வீட்டுக் கோட் கேட்கிற நாளில் அந்த நம்பர் வேலை செய்யாது. திருடிய கார்டில் எடுத்த கணக்கென்றால் இடைநடுவில் போய்விடும்.

களுவாஞ்சிகுடி: பிரைம் நல்லமெண்டு சொல்லுறீங்க. ஃபமிலி மேன் போட்டவனுக்குக் காசு குடுக்கணுமா? எங்கட கதை ஒழுங்கா எங்கயாவது இருக்கா?

கேட்க வேண்டிய கேள்வி. 'தி ஃபமிலி மேன்' இரண்டாவது சீசன் 2021 ஜூனில் வந்தது. ஈழப் போராளிகளைக் காட்டிய விதத்துக்கு முன்னோட்டம் வந்த நாளிலேயே எதிர்ப்புக் கிளம்பியது. தடை செய்யக் கேட்டுத் தமிழ்நாடு அரசு மத்திய அரசுக்கு எழுதியும் தொடர் வெளிவந்தது. அதில் பேசப்படும் 'இலங்கைத் தமிழ்' நம் காதுக்கு ஒட்டவே ஒட்டாது என்பது என் அபிப்பிராயம். நெட்ஃபிளிக்ஸ் மட்டும் சுத்தமா என்றால், 'நவரசா'வில் கார்த்திக் சுப்பராஜ் இயக்கிய 'பீஸ்' ஈழப்போரைக் களமாகக் கொண்டது. கதை பரவாயில்லை, ஆனால் எழுத்து சென்னையிலிருந்து வந்தது என்பது தெரியும். ஈழத் தமிழ் அகதிகளைப் பற்றிப் பேசிய 'ஜகமே தந்திரம்' படமும் அங்கேதான் நேரடியாக வந்தது. எங்கள் கதைக்காகச் சந்தா எடுப்பதென்றால் இரண்டுமே ஏமாற்றும். கதை எழுதுகிற கை எங்கே இருக்கிறதோ அங்கேதான் பேச்சும் சரியாக வரும். ஃபமிலி மேன் வேண்டாமென்றால் அதைத் தொடாமல் 'சுழல்' பார்க்கலாம். கொள்கையாகவே பிரைம் வேண்டாமென்றால் ஜீ5இல் தொடங்குங்கள்.

காரைதீவு: வீரப்பன் பற்றி ரெண்டு இடத்திலயும் இருக்கே, எது?

இரண்டும் 2023. நெட்ஃபிளிக்ஸின் 'தி ஹன்ட் ஃபோர் வீரப்பன்' 4 எபிசோட், ஓகஸ்டில் வந்தது. காடு, பொலிஸ், தேடுதல் என்று சீராக வெட்டியது, வீரப்பனின் மனைவி முத்துலட்சுமியும் பேசுகிறார். ஜீ5இன் 'கூச முனிசாமி வீரப்பன்' டிசம்பரில் வந்தது. நக்கீரன் பத்திரிகை காட்டுக்குள் எடுத்த பழைய வீடியோக்களில் வீரப்பனே பேசுவதுதான் அதன் உயிர். படத்தின் பளபளப்பு முதலாவதில், விசயம் இரண்டாவதில். ஒன்றுதான் பார்க்க நேரமென்றால் ஜீ5.

நிந்தவூர்: பிள்ளைகளோட இருந்து பார்க்க எது? தெரியாம ஏதாவது வந்துருமோ எண்டு பயம்.

'அயலி'. புதுக்கோட்டைப் பக்கத்து ஊர், பருவமடைந்த பெண் பிள்ளையைப் பள்ளிக்கு விடாத வழக்கம், அதை மறைத்துப் படிக்கும் ஒரு பிள்ளை. எபிசோட் நீளமில்லை. பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பேச்சுக்கு இடம் தரும். 'ஸ்வீட் காரம் காபி'யும் வீட்டோடு பார்க்கலாம். 'பாவக் கதைகள்' கூடவே கூடாது: கௌரவக் கொலை, வன்கொடுமை எல்லாம் நேரடியாக வரும். 'வதந்தி'யும் பெரியவர்களுக்கு.

நெட்ஃபிளிக்ஸில் பிள்ளைக்குத் தனி கிட்ஸ் புரொஃபைல் போடுவது பாதி வேலைதான். பெரியவரின் புரொஃபைலுக்கு 4 இலக்கப் பின் போடாவிட்டால் பிள்ளை அதற்குள் போகும். கணக்குப் பக்கத்தில் 'புரொஃபைல் லொக்' இருக்கிறது. பிரைமில் பின் 5 இலக்கம்.

ஆரையம்பதி: அம்மா பார்க்கிறது சன் டிவி நாடகம் மட்டும்.

சன் நெக்ஸ்ட். வீட்டு கேபிளில் அந்தச் சனல் ஏற்கெனவே வருகிறதென்றால் அதுவும் தேவையில்லை.

திருக்கோவில்: இந்தியாவில இருக்கிற சொந்தக்காரர்ட ஹொட்ஸ்டாரை விபிஎன் போட்டுப் பார்க்கலாமா?

ஒரு நாள் ஓடும், அடுத்த நாள் ஓடாது. விபிஎன் என்று கண்டால் பிரைம் படத்தையே நிறுத்திவிடும், நெட்ஃபிளிக்ஸ் உலக உரிமம் உள்ளதை மட்டும் காட்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: போனில் குறிப்பிட்ட அப்புக்கென்று போட்ட டேட்டா பொதி, விபிஎன் போட்ட நிமிடமே பாவனைக்கு வராது. எல்லாம் சாதாரண டேட்டாவிலிருந்து போகும். புதுப் படங்களுக்கு டென்ட்கொட்டா, சிம்ப்ளி சவுத் இரண்டும் இந்தியாவுக்கு வெளியே இருப்பவர்களுக்காக நடத்தப்படுகின்றன. ஆனால் உரிமம் ஒவ்வொரு படத்துக்கும் நாட்டுக்கு நாடு மாறும். நீங்கள் தேடும் படம் இலங்கைக்கு இருக்கிறதா என்று பார்த்த பிறகே காசு கட்டுங்கள்.

கொக்கட்டிச்சோலை: படுவான்கரைப் பக்கம் பின்னேரத்தில சிக்னல் சுத்திக்கொண்டே இருக்கும். சந்தா எடுத்து வேலையா?

டவுன்லோட் செய்து பார்ப்பதென்றால் வேலைதான். உங்கள் பொதியில் இரவு டேட்டா எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று அப்பில் பார்த்து, அந்த நேரத்தில் இறக்குங்கள். போனில் டவுன்லோட் தரத்தை 'ஸ்டாண்டர்ட்' வையுங்கள், சின்னத் திரையில் வித்தியாசம் பிடிபடாது. போனுக்குள் இடமில்லையென்றால் நெட்ஃபிளிக்ஸ் அப் செட்டிங்கில் இறக்கும் இடத்தை எஸ்டி கார்டுக்கு மாற்றலாம். சில தலைப்புகள் பார்க்கத் தொடங்கி 48 மணித்தியாலத்தில் காலாவதியாகும், ஆகவே பத்தைத் தொட்டுப் பார்க்காமல் ஒன்றை முடித்து அடுத்ததுக்குப் போங்கள். இறக்கியதைப் போனிலிருந்து டிவிக்குக் காஸ்ட் பண்ண முடியாது என்பதையும் முதலே தெரிந்துகொள்ளுங்கள்.

செங்கலடி: ஒரு மாசம் எடுத்து நிப்பாட்டி, அடுத்த மாசம் வேற ஒண்டு எடுத்தா பிரச்சினை வருமா?

வராது, அதுதான் சிக்கனமான முறை. காசு கட்டிய அன்றே 'கேன்சல்' அழுத்தினாலும் நெட்ஃபிளிக்ஸ் காசு கட்டிய அந்த ஒரு மாதம் முடியும்வரை ஓடும். மறந்து அடுத்த மாதமும் வெட்டுப்படாது. திரும்பிப் போகும்போது பாதியில் விட்ட எபிசோட் பெரும்பாலும் அங்கேயே இருக்கும், அதே மின்னஞ்சலில் போனால் சரி.

எந்த மாதம் எதை எடுப்பது என்பதற்கு, தொடர் எப்படி வருகிறது என்று பாருங்கள். 'சுழல்' மாதிரி முழு சீசனும் ஒரே நாளில் வந்தால் வந்த மாதமே எடுக்கலாம். ஹொட்ஸ்டாரின் 'ஹார்ட் பீட்' முதல் சீசன் 100 எபிசோட், வாரத்துக்கு நாலு என்று மாதக்கணக்கில் போனது. அப்படியானதை வரும்போதே பார்க்கத் தொடங்கினால் ஆறு மாதச் சந்தா கட்ட வேண்டும். முடியும்வரை பொறுத்து, ஒரு மாதம் எடுத்து, இரவு டேட்டாவில் இறக்கிப் பாருங்கள். வருடச் சந்தாவில் கழிவு தருகிறார்கள் என்பதற்காக எடுக்க வேண்டாம். வருடத்தில் நாலு மாதத்துக்கு மேல் திறக்காத அப்புக்கு அந்தக் கழிவும் நட்டம்தான்.