ஒரு கிழமையில் உதிர்ந்த விளக்குமாறு

கேள்வி: எங்கள் வளவில் எட்டுத் தென்னை நிற்கிறது. விழும் ஓலையெல்லாம் அடுப்புக்குத்தான் போகிறது. யூடியூப்பைப் பார்த்து இரண்டு ஈர்க்கு விளக்குமாறு கட்டினேன். ஒரு கிழமைக்குள் ஈர்க்கு உருவிக் கொட்டத் தொடங்கிவிட்டது. "கடையில வாங்கு பிள்ளை" என்கிறா மாமி. முடிச்சில்தான் பிழையா? நன்றாகப் பழகினால் நிலாவெளி ஹோட்டல்களுக்குக் கொடுக்கலாமா?
– வாசகி, சாம்பல்தீவு, திருகோணமலை

பதில்: தங்கச்சி, முடிச்சைக் குறை சொல்லாதீர்கள். பச்சை ஈர்க்கைக் கட்டியிருப்பீர்கள். கட்டும்போது கல்லுப்போல இறுகித்தான் இருந்திருக்கும். ஈரம் வற்ற வற்ற ஒவ்வொரு ஈர்க்கும் கொஞ்சம் மெலியும், கயிறு மெலியாது. முந்நூறு ஈர்க்கும் மயிரிழை அளவு மெலிந்தாலே கட்டு தொளதொளத்துவிடும்.

மரத்திலேயே மஞ்சள் பட்டுத் தொங்கும் அடி ஓலையை வெட்டுங்கள். விழுந்த ஓலையிலும் எடுக்கலாம், ஆனால் மழையில் கிடந்து ஊறியதென்றால் ஈர்க்கு சடக்கென்று முறியும். ஓர் ஓலையில் இருநூறு ஈர்க்குக்கு மேல் இருக்கும். கழிவு போக, முற்றம் கூட்டும் விளக்குமாற்றுக்கு இரண்டு ஓலை தேவை. சின்னக் கத்தியால் அடியிலிருந்து நுனிக்கு இழுத்துச் சீவுங்கள். இலை ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில்தான் குப்பை சிக்கும்.

சீவியதை மூன்று நாலு நாள் நல்ல வெயிலில் போடுங்கள். கைப்பிடி அள்ளி உலுக்கினால் கலகலவென்று சத்தம் கேட்க வேண்டும். நம் ஊரில் வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று இந்த வேலையைப் பாதியாக்கிவிடும். ஐப்பசி மழை தொடங்கினால் விட்டுவிடுங்கள், பூஞ்சணம் பிடிக்கும்.

தடித்ததையும் மெலிந்ததையும் பிரித்துக் கட்டுங்கள். கலந்து கட்டினால் தடித்தது இறுக்கத்தைத் தாங்கிக்கொள்ளும், மெலிந்தது நழுவிவிடும்.

இனி, கட்டுவது. பாலையூற்றில் என் அம்மம்மா கால்களை நீட்டி உட்கார்ந்து, கயிற்றின் ஒரு நுனியைக் கால் பெருவிரலில் மாட்டுவா. மறு நுனி விளக்குமாற்றின் கழுத்தில். பின்னால் சாய்ந்தபடி, ஈர்க்குக் கட்டைத் தன் கால் பக்கமாக உருட்டிக்கொண்டே போவா. கை இறுக்காது, உடம்பின் பாரம்தான் இறுக்கும். நான் செய்தபோது விரல் சிவந்ததுதான் மிச்சம். நீங்கள் கயிற்று நுனியைத் தூணில் கட்டியே பழகுங்கள். அடியிலிருந்து நாலு விரல் தள்ளி ஒரு கட்டு, அதற்கு மேலே இன்னொன்று. கட்டும் முன்பே அடிப்பக்கத்தைச் சீமெந்துத் தரையில் தட்டிச் சமப்படுத்திவிடுங்கள்.

கட்டி முடித்ததும் வேலை முடிந்ததென்று எழும்பிவிடாதீர்கள். தடித்த ஈர்க்காக இருபது எடுத்து, அடிப்பக்கம் வழியாகக் கட்டின் நடுவில் ஒவ்வொன்றாகச் செருகித் தட்டி இறக்குங்கள். கடைசி ஐந்தாறு உள்ளே போக மறுக்கும். அப்போதுதான் கட்டு இறுகியிருக்கிறது. நின்று கூட்டும் நீளத் தடி வேண்டுமென்றாலும் இதே இடத்தில் ஒரு முனையைச் சீவி அடித்து இறக்கலாம். மாதங்கள் போய்த் தளர்ந்தாலும் இதுதான் மருந்து.

தேங்காய்த் தும்பு வைத்த தும்புத்தடியும் செய்யலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். வேண்டாம். கட்டையில் துளை போட்டு, தும்பைக் கம்பியால் இழுத்துப் பதிக்கும் வேலை அது, வேறு தொழில்.

ஹோட்டல் கதைக்கு வருவோம். கழுத்தில் நிற நாடா சுற்றி அழகுபடுத்தலாம் என்று யாராவது சொல்லுவார்கள். விளக்குமாற்றுக்குப் பட்டுக்குஞ்சம் பிறகு பார்க்கலாம். ஒன்றைக் கட்டி மாமியிடம் கொடுங்கள். மூன்று மாதம் முற்றத்தையும் கிணற்றடியையும் கூட்டட்டும். கடையில் வாங்கு என்ற பேச்சு அவ வாயிலிருந்து வராவிட்டால், நாலைந்து கட்டிக்கொண்டு நிலாவெளிப் பக்கம் போய் வாருங்கள்.