ஏலத்தில் எடுத்தது 120 ரூபாய், தபால் செலவு 150 ரூபாய்: மீதியைத் திரும்பக் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் எவ்வளவு கேட்கலாம் என்பது, அந்த 150 என்ற எண்ணை விற்றவர் எப்போது சொன்னார் என்பதைப் பொறுத்தது.

உங்கள் கேள்வியில் இருப்பது இதுதான்: வாட்ஸப் குழு ஏலத்தில் பழைய தபால்தலை லாட் (ஏலத்தில் ஒன்றாக விற்கும் ஒரு தொகுப்பு) ஒன்றை 120 ரூபாய்க்கு வென்றீர்கள். பதிவில் 'ஷிப்பிங் எக்ஸ்ட்ரா' என்று மட்டும் இருந்தது. ஏலம் முடிந்ததும் 150 கேட்டார், நீங்களும் ஜிபேயில் போட்டுவிட்டீர்கள். பிறகு அவர் அனுப்பிய ரசீது போட்டோவில் 61 ரூபாய் சொச்சம். மீதி எங்கே போனது?

நான் இருபது வருடமாகத் தபால்தலை வாங்குகிறவன், பத்து வருடமாகக் கொஞ்சம் விற்கிறவனும்கூட. இரண்டு பக்கமும் திட்டு வாங்கியிருக்கிறேன். தபால்தலை சேர்க்கிறவர்களே தபால் செலவுக்காகச் சண்டை போட்டுக்கொள்வதுபோல ஒரு வேடிக்கை உலகத்தில் கிடையாது, ஆனால் எங்கள் குழுக்களில் வாரம் ஒன்றாவது நடக்கும்.

முதலில் அந்த 61 ரூபாய். 2025 அக்டோபர் 1 முதல் 50 கிராம் வரையிலான ஸ்பீடு போஸ்டுக்கு, உள்ளூர் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் 47 ரூபாய். கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் பதிவு வசதி வேண்டுமென்றால் இன்னொரு 5 ரூபாய். ஆக 52, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 61 ரூபாய் 36 பைசா. தபால் நிலையத்தில் அவர் கட்டியது சரியான தொகைதான்.

இப்போது சண்டைகள் கூடியிருப்பதற்கு ஒரு காரணம், நம் ஆட்களுக்கு இன்னும் பழைய ரேட் மனதில் இருப்பது. 2025-ல் ரிஜிஸ்டர் போஸ்டை ஸ்பீடு போஸ்டோடு இணைத்துவிட்டார்கள். அதற்கு முன்னால் 20 கிராம் உறையை ரிஜிஸ்டர் செய்ய வரியோடு 26 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதை நம்பித்தான் சின்னச் சேகரிப்பாளர்கள் 30 ரூபாய், 40 ரூபாய் லாட்டுகளைக்கூட வாங்கி விற்றுக்கொண்டிருந்தார்கள். இப்போது அதே உறைக்கு இரண்டு மடங்குக்கு மேல். வாங்குகிறவர் "போன வருஷம் ஐம்பது ரூபாய்க்கு அனுப்பினீங்களே" என்று கேட்கிறார், விற்கிறவருக்குத் திருடன் பட்டம் கிடைத்ததுபோல எரிச்சல் வருகிறது. இதில் இருவர் மீதும் தப்பில்லை. உங்கள் கதை அப்படிப்பட்டது இல்லை. உங்களுடையதில் 89 ரூபாய் இடைவெளி இருக்கிறது.

விற்கிறவன் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ரசீதில் இருப்பது அஞ்சல் துறைக்குக் கட்டியது மட்டும். தலைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கக் கிளாசின் உறை (வழவழப்பான மெல்லிய காகித உறை), மடங்காமல் இருக்க இரண்டு பக்கமும் அட்டை, நல்ல கவர், டேப், வண்டிக்கு பெட்ரோல், மதியம் வரிசையில் நிற்கும் நேரம், இதெல்லாம் அதில் வராது. ஒரு உறைக்குப் பதினைந்து, இருபது ரூபாய் இதற்கு வைப்பது நியாயம்தான். 89 ரூபாய்க்கு அவர் தேக்குப் பெட்டியில் வைத்து அனுப்பியிருக்க வேண்டும்!

இந்த இருபது ரூபாய்க்கே நான் மாட்டியிருக்கிறேன். நாகர்கோவில் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் முதல் நாள் உறைகள் (புதுத் தலை வெளியாகும் நாளின் முத்திரையோடு வரும் கவர்கள்) எட்டு எடுத்தார், 140 ரூபாய். அட்டையோடு சேர்த்து 50 கிராமைத் தாண்டிவிட்டது. திருச்சியிலிருந்து நாகர்கோவிலுக்கு 200 கிலோமீட்டருக்கு மேல், 500-க்குள். அந்தத் தூர அடுக்கில் 250 கிராம் வரை 63 ரூபாய், பதிவுக்கு 5, வரியோடு 80 ரூபாய் 24 பைசா. நான் நூறு வாங்கியிருந்தேன். ரசீதைப் பார்த்துவிட்டு போன் செய்தார், இருபத்தைந்து நிமிடம் பேசினோம். கவர் செலவு, பெட்ரோல், அட்டை என்று நான் வரிசையாக அடுக்க, அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அட்டையில சோப்பு கம்பெனி பேரு இருக்கே தம்பி, அது உங்க வீட்டுப் பெட்டியைக் கிழிச்சதுதானே?" என்றார். கிழித்ததுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் அவர் சொன்னது: "பைசா பெரிசில்ல. மொதல்லயே நூறுன்னு போட்டிருந்தா நான் கேட்டிருக்கவே மாட்டேன்." நானும் உங்கள் ஆள் மாதிரி 'ஷிப்பிங் எக்ஸ்ட்ரா' என்று மட்டும்தான் போட்டிருந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஏலப் பதிவின் முதல் வரியிலேயே '250 கிராம் வரை 100 ரூபாய், எத்தனை லாட் எடுத்தாலும் ஒரே கட்டணம்' என்று போட்டுவிடுகிறேன். அப்புறம் ஒரு போன்கூட வரவில்லை.

ஏலத்தில் இது ஏன் சாதாரணக் கடையைவிட முக்கியம் என்றால், கடையில் மொத்தத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வந்துவிடலாம். ஏலத்தில் வென்ற பிறகு பின்வாங்கினால் குழுவில் கெட்ட பெயர், அட்மின் தூக்கிவிடுவார். வெளியே போகும் கதவைச் சாத்திவிட்டு அதற்குப் பிறகு விலையைச் சொல்வது சரியில்லை. அதே சமயம், 150 என்று அவர் முதலிலேயே எழுதியிருந்து நீங்கள் 120 பிட் போட்டிருந்தால் (அதாவது ஏலம் கேட்டிருந்தால்), நீங்கள் உண்மையில் போட்டது 270. ரசீதில் 61 இருந்தாலும் அப்போது கேட்க ஒன்றுமில்லை. நான் பிட் போடும்போது இந்த லாட்டுக்கு என் எல்லை இவ்வளவு என்று வைத்து, அதில் தபால் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் போடுவேன்.

இது நம் ஊர்க் குழுக்களின் வியாதி மட்டும் என்று நினைக்காதீர்கள். ஈபே என்ற அமெரிக்க இணைய ஏலத் தளத்தில் ஒரு காலத்தில் பொருளை ஒரு சென்ட், 99 சென்ட் என்று போட்டுவிட்டு ஷிப்பிங்கில் இருபது டாலர் கறப்பது பெரிய வித்தையாக இருந்தது. காரணம், தளம் தன் கமிஷனைப் பொருளின் விலைக்கு மட்டும் எடுத்தது, ஷிப்பிங்கில் கை வைக்கவில்லை. பொருளைத் திருப்பி அனுப்பினாலும் விலை மட்டும்தான் கிடைக்கும், ஷிப்பிங் போனது போனதுதான் என்று சொல்லிவிடலாம். 2007-ல் ஷிப்பிங் கட்டணத்துக்குத் தனி நட்சத்திர மதிப்பீடு கொண்டுவந்தார்கள். 2011-ல் அமெரிக்கத் தளத்தில் ஷிப்பிங்கையும் சேர்த்த மொத்தத் தொகைக்குக் கமிஷன் என்று மாற்றினார்கள், அதோடு அந்த வித்தையின் லாபம் போய்விட்டது. ஆனால் நேர்மையாக அசல் தபால் செலவை மட்டும் வாங்கிய விற்பனையாளரும் அதற்கும் கமிஷன் கட்ட வேண்டியதாயிற்று. அவர் அதை எங்கே ஏற்றுவார்? ஷிப்பிங்கில்தான்.

நான் அங்கேயும் சூடுபட்டவன். திருவிதாங்கூர் அஞ்சல் தலைகள், அந்தச் சங்கு போட்டவை, இங்கிலாந்துக்காரர் ஒருவரிடம் மூன்று லாட் வென்றேன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நாலு பவுண்டு ஷிப்பிங். ஆர்வக்கோளாறில் வென்ற உடனே ஒவ்வொன்றாகப் பணம் கட்டிவிட்டேன். மூன்றும் ஒரே உறையில் வந்தன, உறையில் ஒட்டியிருந்தது மூன்று பவுண்டைத் தாண்டவில்லை. எழுதிக் கேட்டதற்கு, கட்டுவதற்கு முன் சேர்த்து பில் கேட்டிருந்தால் குறைத்திருப்பேன், கட்டிய பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்று பதில். கடுப்பில் ஷிப்பிங்குக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தேன். ஆனால் யோசித்தால் அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. ஒரே ஆளிடம் இரண்டு மூன்று எடுத்தால் பணம் கட்டாமல் முதலில் மொத்த பில் கேட்க வேண்டும், அதற்கு ஈபேயிலேயே வசதி இருக்கிறது. நம் குழுக்களில் இன்னும் சுலபம், 'மாசக் கடைசி வரைக்கும் எடுத்து வைங்க, சேர்த்து அனுப்புங்க' என்றால் பெரும்பாலானவர்கள் வைத்திருப்பார்கள்.

யார் மீதும் குற்றமில்லாத தகராறும் உண்டு. 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா 800 டாலர் வரையிலான பார்சல்களுக்கு இருந்த வரிவிலக்கை எடுத்தது, நம் அஞ்சல் துறை அங்கே போகும் தபாலை நிறுத்தியது. அக்டோபர் 15-ல்தான், சுங்க வரியை இங்கேயே முன்கூட்டிக் கட்டும் ஏற்பாட்டோடு, மறுபடி தொடங்கியது. இடையில் ஏலம் முடிந்து மாட்டிக்கொண்ட நண்பர் ஒருவர் கூரியரில் அனுப்பிக் கைக்காசு போட்டார். என்னைக் கேட்டால் அப்படிப்பட்ட நேரத்தில் ஏலத்தை ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே மேல்.

இசைத்தட்டு வாங்குகிற பழக்கமும் உங்களுக்கு இருந்தால் ஒன்று: கூரியர்காரர்கள் பெரும்பாலும் எடையைத் தராசில் மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். 35க்கு 35க்கு 8 பெட்டி என்றால் உள்ளே ஒரே ஒரு தட்டு இருந்தாலும் கிட்டத்தட்ட 2 கிலோ கணக்கு. அங்கே 'தட்டு அரைக் கிலோகூட இல்லையே' என்று சண்டைக்குப் போனால் நாம்தான் தோற்போம்.

சரி, உங்கள் விஷயம். 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளில், விற்பவர் மொத்த விலையையும் அதில் டெலிவரி, தபால், கையாளும் கட்டணம் எவ்வளவு என்ற பிரிவையும் காட்ட வேண்டும் என்று இருக்கிறது. தொழிலாகச் செய்யாமல் எப்போதாவது விற்கும் தனிநபரை இது கட்டாது. தொழிலாகவே விற்கிறவர் என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. ஆனால் 70 ரூபாய்க்காக அதுவரை போக வேண்டுமா என்றால் நான் போக மாட்டேன்.

குழுவில் போட்டு அவரை நாறடிக்காதீர்கள், அவர் பதிலுக்கு உங்களை நாறடிப்பார், விஷயம் ரூபாயை விட்டுவிட்டு மானத்துக்குப் போய்விடும். தனியாக இப்படி ஒரு மெசேஜ் போடுங்கள்: 'சார், லாட் நல்லபடியா வந்தது, பேக்கிங் நல்லா இருந்தது. ரசீதில் 61 இருக்கு. பேக்கிங்குக்கு 20 எடுத்துக்கிட்டு மீதி 69-ஐ அடுத்த லாட்டில் கழிச்சுக்கிறீங்களா?' பணமாகத் திருப்பிக் கேட்பதைவிட அடுத்த வாங்கலில் கழிக்கச் சொன்னால் பத்தில் எட்டு பேர் சரி என்பார்கள், அவர்களுக்கும் வாடிக்கை போகாது. முடியாது என்றால் அட்மினிடம் ஏலப் பதிவு, ரசீது இரண்டின் ஸ்க்ரீன்ஷாட்டையும் காட்டுங்கள், அதற்குமேல் அவரிடம் பிட் போடாதீர்கள்.

நாகர்கோவில் சார் இப்போது மாதம் ஒருமுறை சேர்த்து வாங்குகிறார். நூறு ரூபாயை முன்னதாகவே போட்டுவிடுவார். சோப்புப் பெட்டி அட்டையே போதும், கவர் மேல் மட்டும் நல்ல தலைகளாகப் பார்த்து ஒட்டுங்கள் என்று போன மாதம் சொல்லியிருக்கிறார்.