குளம் வற்றேல்லை, மேலே பச்சை மூடியிருக்கு

மாசியில அலைகரை வரை தண்ணி நிக்கிற குளத்தை சென்டினல்-2 செய்மதிப் படம் பாதியாக் காட்டுதெண்டால், உங்கட கணக்குப் பிழையில்லை. தண்ணிப் பரப்பைக் கணக்கிடுற என்டிடபிள்யூஐ பார்க்கிறது திறந்த தண்ணியை மட்டும்தான்.

அது பச்சை ஒளியையும் (செய்மதியின்ர பி3 பட்டை) அண்மை அகச்சிவப்பையும் (பி8) ஒப்பிடுற சுட்டி. தண்ணி அகச்சிவப்பை விழுங்கும், இலை திருப்பி அடிக்கும். தாமரையோ சல்வீனியாவோ ஆற்றுவாழையோ படர்ந்த இடம் அதுக்குத் தரைதான். வன்னியில ஆழமில்லாத குளங்களில இது பெரிய தலையிடி.

சோதிக்க:

1. காணாமப்போன பகுதிக்கு மட்டும் என்டிவிஐ எண்ட செடிப்பச்சைச் சுட்டி (பி8, சிவப்பு ஒளி பி4) போடுங்கோ. 0.3ஐத் தாண்டினால் செடிதான் எண்டு சந்தேகப்படலாம்.
2. அதே நாளில துருசடி (மதகடி) அளவுகோல் எத்தினை அடி காட்டினது எண்டு கமக்கார அமைப்பில கேளுங்கோ. அடி குறையாமல் பரப்பு மட்டும் குறைஞ்சால் சந்தேகமே வேண்டாம்.
3. மீன்பிடிக்கிற ஆக்களோட வள்ளத்தில போய் நாலைஞ்சு இடத்தில ஜிபிஎஸ் புள்ளி எடுங்கோ. என்னைக் கேட்டால் இதுதான் முதல் செய்யவேணும்.

முகில் மறைப்பையும் ஒருக்கால் பாருங்கோ, மாரிப் படங்களில அது சும்மா விடாது. சென்டினல்-1 ராடர் முகிலை ஊடுருவும், ஆனால் அடர்ந்த மிதவைச் செடியில அதுவும் தடுமாறும்.

ஒண்டு கவனம்: ஆடி, ஆவணியில இதே முறை ஏமாத்தும். தண்ணி பின்வாங்கின சேத்தில முளைக்கிற புல்லும் அதே பச்சைதான். அந்த மாதங்களுக்கு அடிக்கணக்கு இல்லாமல் முடிவு எழுதாதேங்கோ.