இது வேற உருட்டு

போன இதழில் கண் எரிச்சல் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, போகிற போக்கில் "நான் மவுஸைத் தொட்டு ஆறு வருஷம் ஆகிறது, என் மேஜையில் இருப்பது டிராக்பால்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். கண் எரிச்சலை எல்லோரும் மறந்துவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டீர்கள். சரி, இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும். உடம்பு வலி சம்பந்தப்பட்ட கடிதங்கள் என்பதால் பெயர் போடவில்லை, ஊர் மட்டும்.

கேள்வி: டிராக்பால் என்றால் என்ன? மகள் வீட்டுக் கணினி முன்னால் பெரிய கோலிக்குண்டு பதித்த ஒரு டப்பா இருக்கிறது. பேரன் அதை உருட்டிக்கொண்டே இருக்கிறான். அதுதானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: அதேதான் ஐயா. பழைய மவுஸ் ஞாபகம் இருக்கிறதா, அடியில் ரப்பர் பந்து வைத்தது, பள்ளிக்கூட லேபில் பையன்கள் கழற்றிக்கொண்டு போய்விடுவார்களே? அதை மல்லாக்கப் போட்டால் டிராக்பால். டப்பா இருந்த இடத்தில் இருக்கும், பந்தை மட்டும் விரலால் உருட்டினால் திரையில் அம்பு நகரும். பந்துக்குக் கீழே ஒரு சின்ன சென்சார் இருந்து, எந்தப் பக்கம் எவ்வளவு உருண்டது என்று பார்த்துக் கணினிக்குச் சொல்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

இதை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். ஸ்கேன் சென்டரில் வயிற்றில் ஜெல்லைத் தடவி, ஒரு கையால் கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மெஷினில் எதையோ உருட்டி நிறுத்தி, உருட்டி நிறுத்தி அளவெடுப்பார்களே, அதுவும் டிராக்பால்தான். அங்கே மவுஸை வைத்து இழுக்க இடம் ஏது?

வயதில் மவுஸை விட மூத்தது. 1946-இல் பிரிட்டிஷ் கடற்படையின் ரேடார் திரைக்காக ரால்ஃப் பெஞ்சமின் என்பவர் உருவாக்கினார், ராணுவ ரகசியம் என்று பொத்தி வைத்துவிட்டார்கள். அப்புறம் 1952 வாக்கில் கனடா கடற்படைக்காக வேலை செய்த இன்னொரு குழு தானாகவே இதே யோசனைக்கு வந்தது. பந்துக்கு எங்கே போவது? அவர்கள் ஊர் பவுலிங் விளையாட்டுப் பந்தையே எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். மவுஸை உருவாக்கிய டக்ளஸ் எங்கல்பார்ட் அதை மேடையில் காட்டியது 1968 டிசம்பரில். அதனால் பேரன் உருட்டுவது அண்ணனை, நாமெல்லாம் இத்தனை நாள் தேய்த்தது தம்பியை.

கேள்வி: பதினைந்து வருடமாக டி.டி.பி. வேலை. காலண்டர், டைரி, கல்யாணப் பத்திரிகை. சீசனில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் உட்காருகிறேன். வலது மணிக்கட்டில் ஆரம்பித்த வலி இப்போது தோள்பட்டை வரை ஏறிவிட்டது. டிராக்பால் வாங்கினால் சரியாகுமா?
– சிவகாசி

பதில்: சரியாகிவிடும் என்று சொன்னால் நான் உங்களிடம் உருட்டுகிறேன் என்று அர்த்தம். வலி தோள்பட்டைக்கு எப்படி ஏறியது என்று முதலில் பார்த்துவிடலாம், அதற்குக் காசு வேண்டாம்.

நாற்காலியில் உட்கார்ந்து முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை நேராக நீட்டுங்கள். கை எங்கே போய் விழுகிறதோ அங்கேதான் மவுஸ் இருக்க வேண்டும். உங்கள் மேஜையில் அந்த இடத்தில் கீபோர்டின் வலது கோடியில் எண்கள் மட்டும் உள்ள நம்பர் பேட் இருக்கும், மவுஸ் அதற்கும் வலது பக்கம் தள்ளி இருக்கும். நாள் முழுக்கக் கையை அகட்டி நீட்டி வைத்துக்கொண்டு வேலை செய்கிறீர்கள், தோள் தசைதான் அந்தக் கையைத் தாங்கிக்கொண்டே இருக்கிறது. இதில் இன்னொரு கொடுமை, நம் ஊர்க் கம்ப்யூட்டர் டேபிள். கீபோர்டுக்கு மட்டும் அளவெடுத்த மாதிரி ஓர் இழுப்புத் தட்டு வைத்திருப்பான், மவுஸுக்கு அதில் இடமிருக்காது, மவுஸ் மேலே மேஜைப் பலகையில் இருக்கும். அதாவது இடது கை கீழே, வலது கை ஒரு படி மேலே. பதினைந்து வருஷம் இப்படி இருந்தால் தோள்பட்டை புகார் செய்யாமல் என்ன செய்யும்?

டிராக்பால் உதவுவது இங்கேதான். அதை நகர்த்த வேண்டாம் என்பதால் உள்ளங்கை அளவு இடம் போதும். அந்த இழுப்புத் தட்டிலேயே கீபோர்டை ஒட்டி உட்கார்ந்துவிடும். தோளும் முழங்கையும் சும்மா இருக்கும், விரல் மட்டும் வேலை செய்யும். நம்பர் பேட் இல்லாத கீபோர்டு வாங்கினால் இன்னும் நல்லது என்று வழக்கமாகச் சொல்வார்கள். ஆனால் உங்கள் தொழிலில் அது நடக்காது என்று எனக்குத் தெரியும். பழைய ஃபான்ட்களில் சில எழுத்துக்கு ஆல்ட்டை அழுத்திக்கொண்டு நம்பர் பேடில் எண் அடித்தால்தான் வரும். அதனால் இப்படிச் செய்து பாருங்கள்: டிராக்பாலை இடது பக்கம் வையுங்கள். இடது பக்கம் நம்பர் பேட் கிடையாது, கை ஒட்டியே இருக்கும். இல்லையா, யு.எஸ்.பி.யில் தனியாக நம்பர் பேட் விற்கிறது, அதை வாங்கித் தேவைப்படும்போது மட்டும் பக்கத்தில் இழுத்துக்கொள்ளுங்கள்.

மணிக்கட்டு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம். பெரிய பந்து வைத்தவை உயரமாக இருக்கும், கை பின்பக்கமாக மடியும். ஒரு கைத்துண்டை நாலாக மடித்து உள்ளங்கைக்கு அடியில் கொடுத்தால் நேராகிவிடும். அப்புறம், கிளிக் செய்கிற எண்ணிக்கை குறையாது. மவுஸில் ஆயிரம் தட்டு தட்டினால் இதிலும் ஆயிரம்தான். கீபோர்டு ஷார்ட்கட் எத்தனை தெரியுமோ அத்தனையையும் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, ராத்திரி தூக்கத்தில் கை மரத்துப்போய் எழுந்து உதறுகிறீர்களா? கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் குத்துகிறதா? அப்படியானால் கூரியர் வரும்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுகிற கார்ப்பல் டனல் பிரச்சினையாக இருக்கலாம். சர்க்கரையோ தைராய்டோ இருந்தால் அது வர வாய்ப்பு கூடுதல், அதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்து ஐ.டி. வேலை. எட்டு மாதக் குழந்தை இருக்கிறது. கட்டைவிரலால் உருட்டுகிற மாடல் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கலாமா? குழந்தையைத் தூக்கும்போது கட்டைவிரல் அடியில் சுரீரென்று வலிக்கிறது, அதற்கும் இது உதவுமா?
– கோயம்புத்தூர்

பதில்: வாங்காதீர்கள். உங்களுக்கு இப்போது வலிப்பது எதுவோ, அதையே வேலைக்கு வைக்கிற கருவி அது.

டிராக்பாலில் இரண்டு சாதி உண்டு. ஒன்றில் பந்து பக்கவாட்டில் இருக்கும், கட்டைவிரலால் உருட்ட வேண்டும், மற்ற விரல்கள் வழக்கமான மவுஸ் மாதிரி கிளிக் செய்யும். லாஜிடெக்கின் எம்575, எம்எக்ஸ் எர்கோ எல்லாம் இந்த வகை. எம்575-இன் பந்து 34 மில்லிமீட்டர். இன்னொரு வகையில் பந்து நடுவில் இருக்கும், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து உருட்டும். கென்சிங்டனின் எக்ஸ்பர்ட் மவுஸ், ஸ்லிம்பிளேடு இந்த வகை, பந்து 55 மில்லிமீட்டர். முதல் வகை முதல் நாளே கைக்குப் பழகிவிடும், அதனால்தான் எல்லோரும் அதை வாங்குகிறார்கள். நானும் அதைத்தான் வாங்கினேன்.

இரண்டு வருஷம் அதில்தான் புரூஃப் பார்த்தேன். நாள் முழுக்க அதே கட்டைவிரல், வேலை முடிந்ததும் போனை எடுத்து வாட்ஸ்அப்பில் தட்டுவதும் அதே கட்டைவிரல். ஒரு நாள் காலையில் பற்பசை மூடியைத் திருக முடியவில்லை. மூடிதான் இறுகிவிட்டது என்று நினைத்து மனைவியிடம் கொடுத்தேன், அவர் சாதாரணமாகத் திறந்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். டாக்டர் என் கட்டைவிரலை உள்ளே மடக்கச் சொல்லி, மற்ற விரல்களால் அதை மூடச் சொல்லி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்த்தார். கத்திவிட்டேன். டி குவெர்வேன் என்று பெயர் சொன்னார். கட்டைவிரலை அசைக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டு ஓரத்தில் ஓர் உறைக்குள் ஓடுகின்றன, அந்த உறை தடித்துப்போய் உள்ளே நாண் உராய்கிறது. கைக்குழந்தை உள்ள அம்மாக்களுக்கு இது அடிக்கடி வருவது என்றும் அவரே சொன்னார். இரண்டு கையையும் அக்குளில் கொடுத்துக் கட்டைவிரலை விரித்துக் குழந்தையைத் தூக்குகிறோமே, அதனாலாம். நீங்கள் சொல்கிற சுரீரும் அதுவாக இருக்கலாம். காட்டிவிடுங்கள். குழந்தையைத் தூக்கும்போது உள்ளங்கையைப் பிட்டத்துக்கு அடியில் கொடுத்து அள்ளித் தூக்கிப் பாருங்கள்.

எனக்கு மூன்று வாரம் கை அசையாமல் பட்டை போட்டு, கட்டைவிரலுக்கு ஓய்வு கொடுத்து, அப்புறம் நடுப்பந்து வகைக்கு மாறினேன். நான்கு வருஷமாக அதுதான். முதலில் வாங்கியது மோசமான கருவி என்று சொல்ல மாட்டேன், கட்டைவிரல் நன்றாக இருக்கிற என் தம்பி அதை வாங்கிக்கொண்டு போய் இன்றும் சௌக்கியமாகப் பயன்படுத்துகிறான். உங்களுக்கு வேண்டியது நடுப்பந்து. சில ஆயிரம் ரூபாய் சமாச்சாரம், யாரிடமாவது இருந்தால் ஒரு வாரம் இரவல் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: வாங்கி இரண்டு நாள் ஆகிறது. எக்செல்லில் ஒரு கட்டத்தைக் கிளிக் செய்யப் போனால் அம்பு நாலு கட்டம் தாண்டிப் போய் நிற்கிறது. ஆடிட்டர் ஆபீஸ் வேலை, மாதக் கடைசி. திருப்பி அனுப்பிவிடலாமா?
– திருச்சி

பதில்: மாதக் கடைசியில் யாராவது புதுச் செருப்பு போட்டுக்கொண்டு திருவண்ணாமலை கிரிவலம் போவார்களா? பழைய மவுஸையும் சொருகி வையுங்கள், இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும், கணினி கோபித்துக்கொள்ளாது. அவசர வேலைக்கு மவுஸ், மெயில் படிக்கவும் செய்தி மேயவும் டிராக்பால். இரண்டு வாரம் கொடுங்கள். எனக்கு எட்டாம் நாள் கை பழகியது.

விண்டோஸில் மவுஸ் செட்டிங்ஸுக்குப் போய் அம்பின் வேகத்தைப் பாதிக்குக் குறையுங்கள். எல்லோரும் இதைச் செய்யாமல்தான் திட்டுகிறார்கள். வேகத்தைக் குறைத்தால் தூரம் போக நேரமாகுமே என்பீர்கள். ஆகாது, ஏனென்றால் பந்தைச் சுண்டிவிடலாம். திரையின் அந்தக் கோடிக்குப் போக வேண்டுமா, ஒரு சுண்டு சுண்டி, பக்கத்தில் வரும்போது விரலை வைத்து நிறுத்துங்கள். கடைசி அங்குலத்தை மட்டும் விரல்நுனியால் மெல்லத் தள்ளுங்கள். மவுஸ் பிடிக்கிற மாதிரி பந்தை இறுக்கிப் பிடித்தால் வேலைக்காகாது.

நடுப்பந்து வகையில் எதையாவது பிடித்து இழுப்பது கொஞ்சம் நாள் படுத்தும், கட்டைவிரல் பட்டனை அழுத்திக்கொண்டிருக்க மற்ற விரல்கள் உருட்ட வேண்டும். விண்டோஸில் கிளிக்லாக் என்று ஒரு வசதி இருக்கிறது. பட்டனை ஒரு நொடி அழுத்திவிட்டு விட்டுவிட்டால் அழுத்தியபடியே இருப்பதாக எடுத்துக்கொள்ளும், மறுபடி தட்டினால் விடுபடும். எக்செல்லில் நீளமாக செலக்ட் செய்கிறவர்களுக்கு அது வரம்.

கேள்வி: ஆறு மாதம் நன்றாக ஓடியது. இப்போது பந்து சிக்கிச் சிக்கி உருளுகிறது. ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடலாமா?
– நாகர்கோவில்

பதில்: ஐயோ, விடாதீர்கள்! தூசியைக் கூப்பிட்டுக் குடிவைத்த மாதிரி ஆகிவிடும்.

அடியில் ஓர் ஓட்டை இருக்கும், பேனா முனையால் தள்ளினால் பந்து கையில் வந்துவிடும். ஓட்டை இல்லாத மாடலில் கவிழ்த்தாலே விழும். உள்ளே குழியில் கடுகு அளவுக்கு மூன்று மணிகள் தெரியும், பந்து அந்த மூன்றின் மேல்தான் உட்கார்ந்து உருளுகிறது. ஒவ்வொரு மணியைச் சுற்றியும் சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி வளையம், உங்கள் தோலின் அழுக்கும் போர்வைப் பஞ்சும் சேர்ந்தது. நகத்தால் எடுத்துவிடுங்கள். சென்சார் கண்ணாடியைக் காது குடைகிற பஞ்சால் ஒரு தடவை துடையுங்கள். பந்தைச் சட்டையில் துடைத்து உள்ளே போடுங்கள். மொத்தம் ஒரு நிமிஷம். வாரம் ஒரு முறை செய்தால் போதும்.

கழுவித் துடைத்த பந்து சில சமயம் முதலில் விறைப்பாக இருக்கும். அதற்கு டிராக்பால்காரர்கள் ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள், மூக்கின் பக்கவாட்டில் பந்தை ஒரு உருட்டு உருட்டிப் போடுவது. அந்த அளவு எண்ணெய்ப்பசை போதும். ஆபீஸில் யாரும் பார்க்காதபோது செய்யுங்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டில் வேறு ஆபத்தும் உண்டு. என் அக்கா மகள் பந்தைக் கழற்றத் தெரிந்துகொண்ட அன்றைக்கு அது காணாமல் போனது. மூன்று நாள் கழித்து அவளுடைய சொப்புச் சட்டியில் லட்டாக இருந்தது.

கேள்வி: இடது கைக்காரன் நான். எனக்கு உண்டா?
– புதுச்சேரி

பதில்: கட்டைவிரல் வகை பெரும்பாலும் வலது கைக்கு மட்டுமே செய்கிறார்கள். எலெகாம் என்ற ஜப்பான் கம்பெனி இடது கைக்குத் தனியாக ஒன்று போட்டது. நடுப்பந்து வகை பல இரு பக்கமும் ஒரே வடிவம்தான், விண்டோஸில் இடது வலது பட்டனை மாற்றிக்கொண்டால் முடிந்தது. வாங்குமுன் படத்தை மேலிருந்து பார்த்து, இரண்டு பாதியும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிராக்பாலுக்கு மவுஸ் பேட் தேவையா?
– சேலம்

பதில்: தேவையில்லை. என்னுடையது காபி டம்ளருக்கு அடியில் இருக்கிறது.