214 கோடியில் முட்டி நின்ற காசு

கேள்வி: என் தம்பி போனில் விளையாடும் ஒரு கேமில் காசு ஏறிக்கொண்டே போய் 2147483647 வந்ததும் நின்றுவிட்டது. இந்த எண்ணில் ஏதாவது விசேஷம் உண்டா?
- கல்லூரி மாணவி, கரூர்

பதில்: நிறையவே உண்டு. கம்ப்யூட்டர் ஒரு முழு எண்ணை வைக்க, 0 அல்லது 1 மட்டுமே எழுதக்கூடிய 32 கட்டங்கள் ஒதுக்குகிறது என்று வையுங்கள். ஒன்று பிளஸ்ஸா மைனஸா என்று சொல்வதற்குப் போய்விடும், மீதி 31 கட்டத்திலும் 1 நிரம்பினால் வருவதுதான் உங்கள் தம்பியின் காசு, அதாவது 2-ஐ 31 தடவை எழுதிப் பெருக்கி ஒன்றைக் கழித்தது. நின்றதே நல்லது, சில புரோகிராம்களில் இன்னும் ஒன்று கூட்டினால் சட்டென்று மைனஸ் 214 கோடிக்குப் போய் விழும்! 1970 ஜனவரி 1-லிருந்து விநாடிகளை இப்படி எண்ணிவரும் பழைய கம்ப்யூட்டர்களுக்கு 2038 ஜனவரி 19 அன்று, நம் நேரப்படி காலை 8.44-க்கு இதே கதிதான்.

ஆனால் எனக்குப் பிடித்த விசேஷம் வேறு. இது ஒரு பகா எண் (1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்). 2-இன் அடுக்கில் ஒன்று குறைவாக வரும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர், அந்த வரிசையில் இது எட்டாவது. அடுக்கு பகா எண்ணாக இருந்தாலே போதும் என்று நினைத்துவிடாதீர்கள், 11-ஐப் போட்டால் 2047 வரும், அது 23 × 89.

அப்படியானால் இதைப் பகா எண் என்று எப்படி நம்புவது? சும்மா வகுத்துப் பார்ப்பதென்றால் 46,340 வரைக்குமான பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுக்க வேண்டும், நாலாயிரத்து எழுநூறுக்கு மேல் இருக்கின்றன. ஆய்லர் என்ற கணித மேதை அங்கேதான் கெட்டிக்காரர். இந்த எண்ணுக்குப் பகாக் காரணி ஏதாவது இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 மட்டுமே வர முடியும் என்று பிடித்துவிட்டார். மிஞ்சியவை நூறுக்கும் குறைவு. கண் பார்வை ஏறக்குறைய போய்விட்ட நிலையில், 1772-ல் பெர்னூலி என்ற இன்னொரு கணித அறிஞருக்கு எழுதிய கடிதத்தில் முடிவைச் சொன்னார்.

இதை வைத்து 2305843008139952128 என்ற நிறைவெண்ணும் கிடைக்கிறது (தன்னை விட்டுவிட்டு மற்ற வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் எண், 6 = 1+2+3 போல). 1811-ல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர், இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, இதெல்லாம் வேடிக்கைக்குத்தானே தவிர உபயோகம் இல்லை என்று எழுதிவைத்தார். பாவம் மனுஷன்! இப்போது தெரிந்த மெர்சென் பகா எண்களே 52, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறைவெண் உண்டு.

கேள்வி: என் போன் நம்பர் பகா எண்ணாக இருக்க வாய்ப்பு உண்டா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: பத்து இலக்க எண்களில் சுமார் 23-க்கு ஒன்று பகா எண். உங்கள் நம்பர் 1, 3, 7, 9-ல் முடிந்து, இலக்கங்களின் கூட்டுத்தொகை 3-ஆல் வகுபடாமலும் இருந்தால் ஆறுக்கு ஒன்று என்று வாய்ப்பு கூடிவிடும், சீட்டுக் குலுக்கலைவிட மேல். அதற்கப்புறம் கையால் போடப் போகிறேன் என்றால் ஆய்லரின் குறுக்கு வழி இங்கே செல்லாது, ஏறக்குறைய ஒரு லட்சம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துக்கொண்டே போக வேண்டியதுதான். கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிடுங்கள் சார்.